மூலக்கூறு செகண்டுக்கு 500 மீட்டர் ஓடுதாம், அப்புறம் பெருங்காய வாசனை ஹாலுக்கு வர ஏன் இவ்ளோ நேரம்?

ப்ளஸ்ஒன்_அப்பா

வணக்கம் மக்களே, பிசிக்ஸ் தெரிஞ்சவங்க யாராவது கொஞ்சம் விளக்குங்க. என் பொண்ணு ப்ளஸ் ஒன் படிக்கிறா, இப்ப வாயுக்களின் இயக்கவியற் கொள்கை ஓடிட்டு இருக்கு, நான் படிச்சது பி.காம், ஆனாலும் அவ கணக்கு போடும்போது கூட உக்காந்து கால்குலேட்டர் தட்டிக் குடுக்குறது வழக்கம். சராசரி இருமடி மூல வேகத்துக்கு (மூலக்கூறுங்க சராசரியா ஓடுற வேகம்னு வச்சுக்கங்க) ஒரு ஃபார்முலா இருக்கு, 300 கெல்வின்ல நைட்ரஜனுக்குப் போட்டா செகண்டுக்கு 517 மீட்டர்னு வருது. மணிக்கு 1800 கிலோமீட்டருக்கு மேல. நாம ஏறிப் போற ஃபிளைட்டு கூட அதுல பாதி வேகம்தான்.

இப்ப அவ கேக்குற கேள்வி என்னன்னா, அடுப்படில அம்மா சாம்பாருக்குத் தாளிச்சுப் பெருங்காயம் போடுறாங்க, இவ ஹால்ல உக்காந்திருக்கா, நடுவுல ஒரு 6 மீட்டர் இருக்கும், இந்த வேகத்துல ஒரு செகண்டுல நூத்துல ஒரு பங்கு நேரத்துலயே மூக்குக்கு வந்திருக்கணும்ல, ஏன் அரை நிமிஷம் ஒரு நிமிஷம் ஆகுதுங்குறா. அது வெயிட்டான மூலக்கூறு அதான் ஸ்லோன்னு சொல்லித் தப்பிக்கவும் முடியல, ஏன்னா பெருங்காயத்துல இருக்குற கந்தக சேர்மத்தோட மோலார் நிறை 160 கிட்டன்னு தேடி எடுத்து அதே ஃபார்முலால போட்டுக் காட்டுறா, அதுவும் 216 மீட்டர். 6 மீட்டருக்கு அப்பவும் 0.03 செகண்டுக்குள்ளதான் வருது.

ஃபார்முலாவுல ஏதாவது இருக்கா இல்ல வேற ஏதோ நடக்குதா? மார்க்குக்காகக் கேக்கல, நிஜமா என்ன நடக்குதுன்னு தெரியணும்.

மெக்கானிக்கல்_மாப்ள

ஃபார்முலால ஒண்ணும் தப்பில்ல அண்ணே. மூலக்கூறு அந்த வேகத்துலதான் ஓடுது, ஆனா நேரா ஓட விடமாட்டேங்குறாங்க. சாதாரண காத்துல ஒரு மூலக்கூறு இன்னொண்ணு மேல இடிக்காம போற தூரம் சராசரியா 70 நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரத்துக்கும் மேல துண்டு போட்டா ஒரு துண்டு வருமே, அதுதான் அதுக்குக் கிடைக்கிற நேர் ரோடு. அதுக்குள்ள இடி, திசை மாறும், திரும்ப இடி. செகண்டுக்குச் சுமார் 700 கோடி தடவை. ஓட்டம் ஓடிக்கிட்டேதான் இருக்கு, ஊர் போய்ச் சேரல. அவ்ளோதான் மேட்டர்.

பழைய_பேப்பர்

உங்க பொண்ணு கிட்ட சொல்லுங்க, இந்தக் கேள்விய முதல்ல கேட்டு மாட்டிவிட்டது ஒரு டச்சுக்காரர், 1858ல. பொய்ஸ் பாலட்னு பேரு, யூட்ரெக்ட்ல வானிலை ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தவர், அதுக்கு முன்னாடி 1845ல ரயில்ல ட்ரம்பட் ஊதுறவங்கள ஏத்திவிட்டு டாப்ளர் விளைவு நெஜமான்னு சோதிச்ச ஆளும் இவர்தான். அந்தக் கதை தனி.

நடந்தது என்னன்னா, 1857ல கிளாசியஸ்னு ஒரு ஜெர்மன் இயற்பியலாளர் சூரிக்ல இருந்தபடி ஒரு கட்டுரை போட்டார். வெப்பம்னா மூலக்கூறோட ஓட்டம்தான்னு சொல்லி, 0 டிகிரி செல்சியஸ்ல ஆக்சிஜன் 461, நைட்ரஜன் 492, ஹைட்ரஜன் 1844 மீட்டர்னு வேகமும் கணக்குப் போட்டுக் குடுத்துட்டார். இன்னிக்கு நாம போட்டாலும் அதேதான் வரும், அவ்ளோ துல்லியம். உடனே பொய்ஸ் பாலட் கேட்டார், அப்படின்னா ரூம்ல ஒரு மூலைல குளோரினோ அந்த அழுகின முட்டை நாத்தம் அடிக்குற ஹைட்ரஜன் சல்ஃபைடோ திறந்துவிட்டா அடுத்த மூலைல இருக்குறவனுக்கு நாறுறதுக்கு ஏன் நிமிஷக் கணக்குல ஆகுது, சுருட்டுப் புகை ரூம்ல அடுக்கடுக்கா ஏன் அசையாம நிக்குதுன்னு. நியாயமான கேள்வி. கிளாசியஸ் கோவிச்சுக்கல, அதே 1858லயே பதில் எழுதினார். அந்தப் பதில்லதான் சராசரி மோதலிடைத் தூரம்னு ஒரு விஷயமே பொறந்துச்சு. மாப்ள சொன்ன 70 நானோமீட்டருக்கு அப்பா கிளாசியஸ், அவரைச் சொறிஞ்சு விட்டது பொய்ஸ் பாலட்.

ஆனா கிளாசியஸுக்கு அந்தத் தூரம் எவ்ளோன்னு தெரியாது, ரொம்பச் சின்னதுன்னு மட்டும் வாதம் பண்ணார். நம்பரா எடுத்தது மேக்ஸ்வெல். அவர் அப்போ ஸ்காட்லாந்துல அபர்டீன்ல வாத்தியார். வாயுவோட பாகுநிலைய (அதாவது உள்ளுக்குள்ள இருக்குற உரசல) வச்சு உல்டாவா கணக்கு போட்டு, ஒரு இன்ச்சுல 4 லட்சத்து 47 ஆயிரத்துல ஒரு பங்குன்னார். அது 57 நானோமீட்டர் கிட்ட. செகண்டுக்கு 807 கோடி மோதல்னும் எழுதிட்டார். 1860ல. அப்ப மூலக்கூறுன்னு ஒண்ணு இருக்கான்னே பாதிப் பேருக்குச் சந்தேகம், இந்த மனுஷன் அது எத்தனை தடவை இடிக்குதுன்னு எண்ணிட்டு இருக்கார்.

இதுல ரசமான விஷயம் ஒண்ணு இருக்கு. அவரோட கணக்குல இருந்து ஒரு விபரீதமான முடிவும் வந்துச்சு, காத்த பாதியா உறிஞ்சி எடுத்தாலும் அதோட பாகுநிலை மாறாதுன்னு. காத்து கம்மியானா உரசலும் கம்மியாகணும்னுதான யாருக்கும் தோணும்? மேக்ஸ்வெல்லுக்கே அது நம்ப முடியல. அப்புறம் லண்டன்ல கென்சிங்டன் வீட்டுல மாடிலயே கண்ணாடித் தட்டுகளைக் கம்பில தொங்கவிட்டு முறுக்கி ஆடவிட்டு, அது எவ்ளோ நேரத்துல அடங்குதுன்னு அழுத்தத்த மாத்தி மாத்தி அளந்தார். மனைவி கேத்தரின் கூட இருந்து அடுப்பு மூட்டி ரூமோட சூட்ட ஒரே அளவுல வச்சாங்க. மாறவே இல்ல. கொள்கை சொன்னதுதான் சரி. மூலக்கூறு எண்ணிக்கை பாதியானா ஒவ்வொண்ணும் இடிக்காம போற தூரம் ரெட்டிப்பாகுது, ரெண்டும் கணக்குத் தீந்துடுது. கொள்கைய நம்ப ஆரம்பிச்சவங்க நிறைய பேரு இதப் பாத்துட்டுதான் நம்பினாங்க.

லேப்_டீச்சர்

கேள்வி கேட்ட பொண்ணுக்கு முதல்ல ஒரு சபாஷ். வருஷா வருஷம் 517 போட்டு டிக் வாங்கிட்டுப் போறவங்கதான் அதிகம், அந்த நம்பர வச்சு அடுப்படிய அளந்து பாக்குற பிள்ளைங்க ரொம்பக் குறைவு.

நான் கெமிஸ்ட்ரி. எங்க லேப்ல இத கண்ணாலயே காட்டலாம். அரை மீட்டர் நீளத்துல ஒரு கண்ணாடிக் குழாய ஸ்டாண்டுல படுக்க வச்சுருவேன். ஒரு பக்கம் அம்மோனியால நனைச்ச பஞ்சு, இன்னொரு பக்கம் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல நனைச்ச பஞ்சு, ரெண்டு பக்கமும் கார்க் போட்டு அடைச்சிடணும், கையுறை கண்ணாடி எல்லாம் போட்டுட்டுதான். ஃபார்முலாப்படி அம்மோனியா 663 மீட்டர், ஹைட்ரஜன் குளோரைடு 453 மீட்டர். பிள்ளைங்க பஞ்ச வச்ச உடனே குழாயவே உத்துப் பாப்பாங்க. ஒண்ணும் நடக்காது. ஒரு நிமிஷம் போகும், ஒண்ணும் இருக்காது, பின்வரிசைல பேச ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் மெதுவா நடுவுல இருந்து ஆசிட் பக்கமாத் தள்ளி குழாய்க்குள்ள ஒரு மெல்லிசான வெள்ளை வளையம் விழும், முதல்ல புகை மாதிரி மங்கலா இருக்கும், பாத்துக்கிட்டு இருக்கும்போதே கெட்டிப்பட்டு கண்ணாடில ஒட்டிக்கும். அது அம்மோனியம் குளோரைடு. அம்மோனியா லேசானது, அதான் அதிக தூரம் வந்திருக்கு.

குழாய்ல ஊதுற காத்தும் இல்ல ஃபேனும் இல்ல, ரெண்டு பக்கமும் அடைப்பு. அப்படி இருந்தும் செகண்டுக்கு அறுநூறு மீட்டர் ஓடுறது கால் மீட்டரத் தாண்ட நிமிஷக் கணக்குல எடுக்குது. நடுவுல இருக்குற காத்துதான் காரணம்னு நிரூபிக்க இன்னொரு சோதனை இருக்கு, புரோமின் வச்சுப் பண்றது, ஸ்கூல்ல நாங்க பண்றதில்ல, ரொம்ப ஆபத்து, வீடியோ பாருங்க. காத்து இருக்குற குழாய்ல புரோமினத் திறந்துவிட்டா அந்தப் பழுப்பு நிறம் அடிலயே கிடந்து நத்தை வேகத்துல ஏறும். குழாய்ல இருக்குற காத்த பம்ப் வச்சு உறிஞ்சிட்டுத் திறந்தா கண் சிமிட்டுறதுக்குள்ள குழாய் முழுக்கப் பழுப்பு. அதே புரோமின், அதே ரூம் சூடு. நடுவுல இடிக்க ஆள் இல்ல, அவ்ளோதான் வித்தியாசம்.

வேக்கூம்_கோவை

எல்லாரும் சொன்னது சரிதானுங்க, ஆனா ஒரு இடத்துல எல்லாரும் பாதிலயே நிறுத்திட்டீங்க. மோதல் நடக்குது அதனால லேட்டாகுதுன்னு சொல்லிட்டா முடிஞ்சிருச்சா? எவ்ளோ லேட்டாகும்னு கணக்குப் போட்டுப் பாருங்க, அப்பதான் உண்மையான வில்லங்கம் தெரியும்.

இப்படி இடிச்சு இடிச்சு தாறுமாறாப் போறப்ப, தூரம் ரெண்டு மடங்கானா நேரம் நாலு மடங்காகும்ங்க, பத்து மடங்கு தூரம்னா நூறு மடங்கு நேரம். இந்த மாதிரி வாசனை மூலக்கூறுக்குக் காத்துல விரவல் குணகம், அதாவது எவ்ளோ சீக்கிரம் பரவும்ங்குற அளவு, சுமாரா செகண்டுக்கு 0.1 சதுர சென்டிமீட்டர்னு வச்சுக்கலாம். தூரத்தோட வர்க்கத்த அந்தக் குணகத்தோட ஆறு மடங்கால வகுத்தா சராசரி நேரம் கிடைக்கும். 1 சென்டிமீட்டர் போக ரெண்டு செகண்டுக்குள்ள. 10 சென்டிமீட்டர் போக மூணு நிமிஷம் கிட்ட. 1 மீட்டருக்கு நாலரை மணி நேரம். இப்ப அவரு வீட்டு 6 மீட்டர் போடுங்க. கிட்டத்தட்ட ஒரு வாரம்ங்க!

திங்கக்கிழமை தாளிச்ச பெருங்காயம் அடுத்த திங்கக்கிழமை ஹாலுக்கு வரணும். அப்ப கேள்வி தலைகீழா மாறிருது பாருங்க. நேரா ஓடினா 0.03 செகண்டு, இடிச்சுட்டே போனா ஒரு வாரம், வீட்டுல நடக்குறது ஒரு நிமிஷம். ரெண்டு கணக்குமே பக்கத்துல கூட வரல. ஏன்னா வாசனைய ஹாலுக்குக் கொண்டு வர்றது மூலக்கூறோட சொந்த ஓட்டமே இல்லீங்க, காத்து மொத்தமா நகருறதுதான். அடுப்பு எரியுது, சூடான காத்து மேல போகுது, கீழ இருந்து குளிர்ந்தது உள்ள வருது, சன்னல் திறந்திருக்கு, ஆளு நடக்குறாங்க, ஃபேன் ஓடுது. நமக்கு உடம்புல படுறதே தெரியாத அளவு, செகண்டுக்கு 10 சென்டிமீட்டர் காத்து நகந்தாலே 6 மீட்டர் வர 60 செகண்டு. கணக்கு டக்குனு உக்காருது. நிறைய புக்குல சென்ட் பாட்டில ரூமோட ஒரு மூலைல திறந்தா இன்னொரு மூலைக்கு வாசனை வர்றதுதான் விரவலுக்கு உதாரணம்னு போட்டிருப்பாங்க, எனக்கு அதப் பாத்தா எரிச்சல்தான் வரும். டீச்சர் காட்டுற அடைச்ச குழாய்தான் சுத்தமான உதாரணம்ங்க, ரூம் இல்ல.

அந்த டச்சுக்காரர் சொன்ன சுருட்டுப் புகையும் அதே மாதிரிதான். புகைங்குறது மூலக்கூறு இல்ல, கோடிக்கணக்கான மூலக்கூறு சேந்த துகள், அது விரவுற வேகம் இன்னும் பல மடங்கு கம்மி, காத்து எங்க போகுதோ அங்கதான் போகும். கேள்வி சூப்பரு, உதாரணம் கொஞ்சம் கலப்படம்.

ஆனா விரவலுக்கு வேலையே இல்லன்னும் நினைச்சுராதீங்க. சின்ன தூரத்துல அதுதான் வேகம். மூக்குக்குள்ள காத்து வந்தப்புறம் சுவர் வரைக்கும் இருக்குற கடைசி ஒரு மில்லிமீட்டரத் தாண்ட 0.02 செகண்டு கூட ஆகாதுங்க. கொசு மாதிரி சின்னச் சின்னப் பூச்சி எல்லாம் நுரையீரலே இல்லாம நுண்குழாய் வழியா மூச்சு விட முடியுறதும் தூரம் கம்மிங்குறதாலதான்.

நான் இத இவ்ளோ சொல்றதுக்குக் காரணம், எங்க வேலையே மோதலிடைத் தூரத்த வச்சுத்தானுங்க. கண்ணாடி மேல அலுமினியம் கோட்டிங் போடுறது. சேம்பருக்குள்ள டங்ஸ்டன் ஃபிலமென்ட்டுல அலுமினியம் உருகி ஆவியாகும், அந்த அணு நேரா வந்து கண்ணாடில உக்காரணும். உள்ள அழுத்தம் 10^-3 மில்லிபார் இருந்தா மோதலிடைத் தூரம் 6 சென்டிமீட்டர் சொச்சம், பத்தாது, வழிலயே காத்தோட இடிச்சு சிதறிரும், கோட்டிங் மங்கலாக் கருப்படிச்சு வரும். 10^-5 மில்லிபார் வரைக்கும் இறக்கினா 6 மீட்டருக்கு மேல, சேம்பரே அரை மீட்டர்தான், அதனால எதுலயும் இடிக்காம வந்துருது. கண்ணாடில ஒரு டேப் ஒட்டி வச்சுட்டுக் கோட்டிங் போட்டு உரிச்சுப் பாருங்க, வேக்கூம் நல்லா இருந்திருந்தா ஓரம் அவ்ளோ சுத்தமா இருக்கும், கொஞ்சம் லீக் இருந்தா ஓரத்துல சாம்பல் நெறத்துல ஒரு கசிவு தெரியும். கேஜ் பாக்காமலே ஓரத்தப் பாத்து எங்காளுங்க சொல்லிருவாங்க.

இதே மாதிரி அணு நேரா பறக்குற வேக்கூம்ல வச்சுதான் ஓட்டோ ஸ்டெர்ன் 1920ல ஃபிராங்க்ஃபர்ட்ல வெள்ளி அணுவோட வேகத்த நேரடியா அளந்தாரு. கருவியச் சுத்த விட்டுட்டா அணு தட்டுல வந்து சேருறதுக்குள்ள தட்டு கொஞ்சம் நகந்திரும், வெள்ளிக் கோடு எவ்ளோ தள்ளி விழுந்திருக்குன்னு அளந்தா வேகம் வந்துரும். கிளாசியஸ் பேப்பர்ல போட்ட வகைக் கணக்கு தட்டுல கோடா வந்து விழ அறுபது வருசத்துக்கு மேல ஆச்சுங்க.

சும்மா_கேட்டேன்

ஒரு டவுட். இவ்ளோ இடி இடிச்சா வாசனை ஒரு வாரம் ஆகும்னா, அதே காத்துல சத்தம் மட்டும் எப்படி 340 மீட்டர் வேகத்துல வருது? சத்தத்தத் தூக்கிட்டு வர்றதும் இதே மூலக்கூறுதான?

மெக்கானிக்கல்_மாப்ள

செம கேள்வி. டவுன் பஸ்ல ஃபுல் கூட்டம்னு வச்சுக்க. பின்னாடி படிக்கட்டுல நிக்குறவன் டிக்கெட்டுக்குக் காசு குடுக்கணும், கண்டக்டர் முன்னாடி இருக்கார். காசு கை மாறி கை மாறி பத்து செகண்டுல போயிரும், டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே வழில திரும்ப வந்துரும். ஆனா அதே ஆளு முன்னாடி போகணும்னா அடுத்த ஸ்டாப் வந்தாலும் முடியாது. சத்தம் காசு, வாசனை ஆளு.

சத்தத்துக்கு எந்த மூலக்கூறும் ஊர விட்டு ஊர் போக வேண்டியதில்ல, பக்கத்துல இருக்குறவன இடிச்சுத் தள்ளினா போதும், இடிதான் போகுது. அதனாலதான் சத்தத்தோட வேகம் மூலக்கூறோட வேகத்த ஒட்டியே வருது, அதத் தாண்டவும் முடியாது. காத்துல சத்தத்தோட வேகம் இருமடி மூல வேகத்துல மூணுல ரெண்டு பங்கு கிட்ட வரும், 27 டிகிரில 347 மீட்டர். ஹீலியத்துல மூலக்கூறு லேசு, வேகமும் அதிகம், அதனால சத்தமும் செகண்டுக்கு 1000 மீட்டர் கிட்டப் போகும். இதுல மோதல் தடையே இல்ல, மோதல் இல்லாட்டிதான் சத்தமே இல்ல.

சும்மா_கேட்டேன்

தல புரிஞ்சிருச்சு 🙏

அடுப்படி_அரசி

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். கேஸ் லீக் ஆனா அது வெயிட்டானதாம், தரையோட தரையா படியும்னு சிலிண்டர் போடுற அண்ணா சொன்னார். மூலக்கூறு இப்படி 500 மீட்டர் வேகத்துல பறந்தா எப்படிங்க தரைல படியும்? அப்ப அது பொய்யா? அப்படின்னா காத்துல இருக்குற ஆக்சிஜன் நைட்ரஜனை விட வெயிட்டுதான, அது மட்டும் ஏன் கீழ வந்து படியல?

லேப்_டீச்சர்

அண்ணா சொன்னது பொய்யில்ல மேடம், ரெண்டையும் பிரிச்சுப் பாக்கணும். சிலிண்டர்ல இருக்குறது புரோபேனும் பியூட்டேனும், காத்தோட சராசரி மோலார் நிறை 29, இது 44, 58. லீக் ஆகி வெளிய வர்றப்ப அது கலக்காம ஒரு திரளா வருது, அந்தத் திரள் சுத்தி இருக்குற காத்த விட அடர்த்தி அதிகம், அதனால மொத்தமா கீழ வழிஞ்சு தரையோட பரவும். இது வாசனை ஹாலுக்கு வந்த மாதிரிதான், திரள் நகருது. காத்தாடாத இடமா இருந்தா அது கலையவே நேரம் எடுக்கும், மேல கோவை சார் போட்ட கணக்குதான்.

ஆனா ஒரு தடவை நல்லாக் கலந்துட்டா அது திரும்பப் பிரிஞ்சு கீழ வந்து படியாது. பியூட்டேன் மட்டும் தனியா இருந்தாக்கூட புவியீர்ப்பால அதோட அடர்த்தி கணிசமாக் குறையணும்னா நாலு கிலோமீட்டருக்கு மேல ஏறணும், உங்க மூணு மீட்டர் அடுப்படில மேலயும் கீழயும் வித்தியாசம் ஆயிரத்துல ஒரு பங்கு கூட வராது. ஆக்சிஜன் தனியாப் படியாததும் அதனாலதான். காத்து கலக்கிக்கிட்டே இருக்குற வரைக்கும், அதாவது சுமார் 100 கிலோமீட்டர் உயரம் வரைக்கும் விகிதம் அப்படியேதான் இருக்கு, அதுக்கு மேல போனாத்தான் லேசானது மேலயும் கனமானது கீழயுமா பிரிய ஆரம்பிக்கும்.

அதனால கேஸ் வாசம் வந்துச்சுன்னா மேல மூக்குல வர்றது கம்மியா இருக்கு, பரவாயில்லன்னு விட்டுறாதீங்க, தரைல அதிகம் இருக்கலாம். ரெகுலேட்டர மூடுங்க, கதவு சன்னல் எல்லாத்தையும் திறங்க, லைட்டு ஃபேன் எக்ஸாஸ்ட் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது அணைக்கவும் கூடாது, வெளிய வந்து 1906க்கு ஃபோன் பண்ணுங்க. எல்.பி.ஜி.க்குச் சொந்தமா வாசமே பெருசாக் கிடையாது, எத்தில் மெர்காப்டான்னு ஒரு கந்தக சேர்மத்தக் கொஞ்சூண்டு கலந்து விடுறாங்க, நமக்கு நாறணும்னே.

ப்ளஸ்ஒன்_அப்பா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒரு வாரம்ங்குற கணக்கப் பாத்து அவ கைதட்டிட்டா. அடுத்த கேள்வியும் ரெடியா வச்சிருக்கா. வெயில் காலத்துல தெருமுனைக் குப்பைத்தொட்டி அப்படி நாறுதே, அது சூட்டுல மூலக்கூறு வேகமா ஓடுறதாலயா? எவ்ளோ வேகம் கூடும்னு அவளே போட்டா, 25 டிகிரில இருந்து 40 டிகிரி போனா வேகம் ரெண்டரை சதவீதம்தான் கூடுது. அவ்ளோதானா?

பழைய_பேப்பர்

அவ போட்டது கரெக்ட். வேகம் கெல்வினோட வர்க்கமூலத்துக்குத்தான் கூடும், 298ல இருந்து 313 ஆனா பெருசா ஒண்ணும் ஆகாது. நாத்தம் கூடுறதுக்குக் காரணம் ஓடுறது இல்ல, கிளம்புறது. எல்லா மூலக்கூறும் ஒரே வேகத்துல ஓடல, மேக்ஸ்வெல் சொன்ன பரவல்ல கொஞ்சம் மெதுவா, நிறைய நடுத்தரமா, ரொம்பக் கொஞ்சம் மட்டும் படுவேகமா இருக்கும். திரவத்துல இருந்து பிச்சுக்கிட்டு வெளிய வர முடியுறது அந்தக் கடைசிக் கோடில இருக்குற படுவேகக்காரங்க மட்டும்தான். சராசரி ரெண்டரை சதவீதம் நகந்தா அந்தக் கோடில இருக்குறவங்க எண்ணிக்கை எகிறிடும். தண்ணியவே எடுத்துக்கங்க, 25 டிகிரில ஆவியழுத்தம் 24 மில்லிமீட்டர் பாதரசம், 40 டிகிரில 55. ரெண்டு மடங்குக்கு மேல. அது போக குப்பைல கிருமி வேலை பண்றதும் சூட்டுல கூடும், அது வேற டிபார்ட்மென்ட்.

கேக்காமலே ஒண்ணு சொல்லிடுறேன், ஏன்னா இது நம்ம நாட்டுச் சம்பந்தம் உள்ளது, யாரும் சொல்றதில்ல. கிளாசியஸுக்கு 12 வருஷம் முன்னாடியே, 1845ல, பம்பாய்ல இருந்து ஒருத்தர் இந்தக் கொள்கைய எழுதி லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பியிருந்தார். ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன், ஸ்காட்லாந்துக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனியோட கடற்படைப் பசங்களுக்குப் பாடம் எடுக்குற வேலைல இருந்தவர். வெப்பநிலைங்குறது வேகத்தோட வர்க்கத்தப் பொறுத்தது, கலந்த வாயுல லேசானது வேகமாவும் கனமானது மெதுவாவும் ஓடி ரெண்டோட ஆற்றலும் சமமா இருக்கும்னு எல்லாம் அதுல இருக்கு. பாத்துச் சொல்லச் சொன்ன ஆளு இது வெறும் உளறல்னு எழுதிட்டார். கட்டுரை ராயல் சொசைட்டி அலமாரிலயே கிடந்துச்சு. வாட்டர்ஸ்டன் 1883ல போய்ச் சேந்துட்டார். 1891ல ரேலிங்குற இயற்பியலாளர் தேடி எடுத்து, அடுத்த வருஷம் முன்னுரை எழுதி அச்சுல ஏத்துறப்ப அதுல இருந்த பாதி விஷயம் கிளாசியஸ் பேர்லயும் மேக்ஸ்வெல் பேர்லயும் பாடமாவே ஆயிருச்சு.

அதிகப்பிரசங்கி

எல்லாம் சரி சார், பெருங்காயத்துக்கு இவ்ளோ பேப்பர் படிக்கணுமா, சாம்பார் ஆறிடும்.

ப்ளஸ்ஒன்_அப்பா

😄 ஆறிப் போனாலும் ருசிதான் சார்.

டீச்சர், கடைசியா ஒண்ணு. பரீட்சைல வாசனை ஏன் லேட்டா வருதுன்னு கேட்டா காத்து ஓட்டம்னு எழுதுறதா, மோதல்னு எழுதுறதா? அப்புறம் மோதலிடைத் தூரத்துக்கு ஃபார்முலால ரூட் 2 எங்க இருந்து வருதுங்குறா.

லேப்_டீச்சர்

திருத்துறவங்க கைல இருக்குற விடைக்குறிப்புல மோதல்னுதான் இருக்கும், அதனால முதல் வரில மோதலிடைத் தூரத்த எழுதச் சொல்லுங்க, ரெண்டாவது வரில ரூம்ல காத்தோட்டமும் கொண்டு வருதுன்னு சேத்துக்கட்டும். மார்க்கும் போகாது, உண்மையும் போகாது.

ரூட் 2 பத்தி. ஒரு மூலக்கூறு மட்டும் ஓடுது, மத்ததெல்லாம் அசையாம நிக்குதுன்னு வச்சா ஃபார்முலால ரூட் 2 இருக்காது. நெஜத்துல மத்ததும் ஓடுது, அதனால ஒண்ணுக்கொண்ணு பாத்த சார்பு வேகம் அதிகம், மோதலும் அதிகம். எல்லாமே ஒரே வேகத்துல ஓடுதுன்னு வச்சு கிளாசியஸ் போட்டப்ப 4/3 மடங்கு வந்துச்சு, மேக்ஸ்வெல் வேகப் பரவலோட போட்டப்ப ரூட் 2 ஆச்சு. ப்ளஸ் ஒன்ல அத தருவிக்கக் கேக்கமாட்டாங்க, பயன்படுத்தத் தெரிஞ்சா போதும்: ரூட் 2, பை, விட்டத்தோட வர்க்கம், ஒரு கன மீட்டருக்கு எத்தனை மூலக்கூறுங்குற எண்ணிக்கை, இந்த நாலையும் பெருக்கி 1ஐ அதால வகுக்கணும். ஒரு கன மீட்டருக்கு 2.45 × 10^25 மூலக்கூறு, விட்டம் 3.7 × 10^-10 மீட்டர் போட்டுப் பாக்கச் சொல்லுங்க, மேல மாப்ள சொன்ன நம்பர் கிட்ட வரணும்.

ப்ளஸ்ஒன்_அப்பா

போட்டா 2.7 × 10^-7 வருதே டீச்சர்?

லேப்_டீச்சர்

3.7ஐ ரெண்டால வகுத்துட்டுப் போட்டிருக்கா, பை ஆர் ஸ்கொயர் பழக்க தோஷம். இங்க முழு விட்டத்தத்தான் வர்க்கம் பண்ணணும், ஏன்னா ரெண்டு உருண்டையோட மையத்துக்கு நடுவுல ஒரு விட்டம் அளவு தூரம் வந்தாலே இடி விழுந்துரும். திரும்பப் போடச் சொல்லுங்க, 6.7 × 10^-8 வரும்.